காய்ந்த பிளக்

நாலில் மூன்றுதான் வேலை செய்கிறது என்று மெக்கானிக் பாய் சொன்னபோது வண்டி அவர் பட்டறைக்குள் முழுதாக நுழைந்திருக்கக்கூட இல்லை. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் போகிற சாலையோரம், டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். “ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்குது சார். ஆஃப் பண்ணிடுங்க, தள்ளிக்கலாம்.” திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னது எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. அந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ளத்தான் அதற்கு முந்தைய மூன்று வாரங்களில் 11,000 ரூபாய்க்கு மேல் செலவழித்திருந்தேன்.

வண்டி 14 மாதம் நின்றிருந்தது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஐப்பசி மழையில் மாடிப்படி வழுக்கி இடது கணுக்காலை உடைத்துக்கொண்டேன். உள்ளே பிளேட் வைத்தார்கள். காரில் இடது காலுக்கு இருப்பது கிளட்ச் என்கிற ஒரே வேலை. அந்த ஒன்று இல்லாவிட்டால் வண்டி நகராது. கால் ஆறு மாதத்தில் தேறிவிட்டது. மிச்ச எட்டு மாதத்துக்குக் கணக்குக் கேட்டால் பாதி சோம்பல், பாதி பயம் என்றுதான் சொல்ல வேண்டும். தாம்பரம் போக மின்சார ரயில் இருந்தது. மற்றபடி எங்கே போகப் போகிறேன்? கவர் போட்டு மூடிய வண்டி போர்ட்டிகோவில் ஒரு திண்ணையைப் போல ஆகிவிட்டது. அதன் மேல் துணி காய்ந்தது. நடுவில் வந்த ஆயுதபூஜைக்கு மனைவி கவரைப் பாதி விலக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். நசுக்க வேண்டிய வண்டி நகராததால் பழங்கள் அங்கேயே காய்ந்து பாக்கு மாதிரி ஆகிக் கிடந்தன.

நிறுத்தி வைத்த பொருள் தேயாது என்று நாம் நம்புகிறோம். பட்டுப்புடவை வைத்திருப்பவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். மடிப்பு மாற்றாமல் பெட்டியில் கிடந்த பட்டு, மடித்த கோட்டிலேயே இற்றுப்போகும். கட்டிக் கிழிந்ததைவிட வைத்துக் கிழிந்தது அதிகம் என்று என் அம்மா சொல்வாள். வண்டியும் அப்படித்தான். கடிகாரமும் அலாரமும் கணினியும் சாவி எடுத்த பிறகும் பேட்டரியைச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருக்கும். டேங்கில் இருக்கிற பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகிற பகுதி முதலில் போய்விடும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பத் தேவையானது அந்தப் பகுதிதான். மீதம் இருப்பது நாளாக நாளாகப் பிசின் கட்டும், வார்னிஷ் வாடை அடிக்கும். 2023இலிருந்து பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கி இப்போது எங்கும் நிறைந்துவிட்ட பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் ஆசை, காற்றில் இருந்துகூட ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு வால்வு திறந்தபடிதான் நிற்கும். அந்த வழியாகக் கார்த்திகை மாதக் காற்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் வடிந்து கீழே இறங்கிவிடும். இத்தனையும் ‘சும்மா நிற்கிற’ வண்டிக்குள் நடக்கிற வேலைகள்.

பிசியோதெரபி செய்த பெண் என் இரண்டு தொடைகளையும் இன்ச் டேப்பால் அளந்து காட்டியது நினைவுக்கு வருகிறது. உடைந்தது கணுக்கால், சூம்பியிருந்தது தொடை. அடிபடாத இடம்! “யூஸ் பண்ணலைன்னா உடம்பு அதைக் கணக்குல இருந்து எடுத்துடும் அங்கிள்” என்றாள்.

கல்லுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. மாமல்லபுரத்தில் வலையன்குட்டை ரதத்தையும் பிடாரி ரதங்களையும் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள். மேல் பாதி விமானமாகவும் கீழ்ப் பாதி வெறும் பாறையாகவும் 1,300 வருடமாக நிற்கின்றன. நாளைக்கு ஒரு சிற்பி உளியோடு வந்தால் விட்ட இடத்திலேயே தொடங்கலாம். பாறை அவரிடம் பழைய பாக்கி எதுவும் கேட்காது. அதே கடற்கரையில் வாரக்கடைசி வீடு கட்டிக் காரை நிறுத்திவிட்டு வெளிநாடு போகிறவர்களின் வண்டிகள் பாயிடம் வருவதுண்டு. “கடல் காத்து பட்ட வண்டின்னா கிட்ட போனாலே தெரியும் சார். நட்டு, போல்ட்டு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு உறவாயிடும்.”

முதலில் நான் போனது ஏ.சி. வரவேற்பறையும் காபி மெஷினும் உள்ள ஒரு சர்வீஸ் சென்டருக்கு. புது பேட்டரி போட்டுத்தான் அங்கே ஓட்டிப் போனேன். செல்ஃப் எடுத்த மூன்றாவது முயற்சியில் வண்டி கிளம்பியது, ஆனால் குளிர் ஜுரம் கண்டவன் மாதிரி உதறியது. டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. விளக்கு நிலையாக எரிந்தால் ‘சீக்கிரம் காட்டு’ என்று அர்த்தம், சிமிட்டினால் ‘இப்போதே நிறுத்து’ என்று அர்த்தம் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கிற கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்தால் அது வெந்து வீணாகும். அதற்காகத்தான் அந்தச் சிமிட்டல்.

அங்கே ஸ்கேனர் மாட்டினார்கள். பி 0302 என்று வந்தது. கடைசி எண் சிலிண்டரைக் குறிப்பது: இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். உடனே நாலு பிளக்கும் மாற்றினார்கள். சரியாகவில்லை. இக்னிஷன் காயிலை மாற்றினார்கள். சரியாகவில்லை. அடுத்து இன்ஜெக்டர் செட், அதிலும் போகாவிட்டால் ஃபியூயல் பம்ப் என்று 32,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். அந்தப் பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் கையில் இருந்தது ஒரு எண்ணும் ஒரு விலைப்பட்டியலும்தான். எங்கே என்று எண் சொல்லிவிட்டது, ஏன் என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தைப் பாகங்களைப் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த எண்ணை வண்டியின் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது தனிக் கதை. சிலிண்டருக்குள் தீ பிடித்ததா இல்லையா என்று பார்க்க அதற்குக் கண் கிடையாது. கிராங்க் ஷாஃப்ட்டோடு சுற்றுகிற ஒரு பல்சக்கரத்தைத்தான் அது எண்ணிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஷாஃப்ட் ஒரு நூலளவு வேகமெடுக்கும். வெடிக்க வேண்டிய இடத்தில் வெடிக்காவிட்டால் நூலளவு தயங்கும். அந்தத் தயக்கத்தை வைத்து ‘இந்த முறை வர வேண்டியவன் வரவில்லை’ என்று குறித்துக்கொள்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பல்சக்கரத்தில் வேண்டுமென்றே பல் இல்லாத ஒரு இடத்தை விட்டிருப்பார்கள். அந்த இடைவெளி கடக்கும்போதுதான் கணினிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியும். எல்லாப் பல்லும் இருந்தால் வட்டத்துக்குத் தொடக்கம் ஏது?

ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ஒரு சிலிண்டர் தீப்பிடிக்கும். ஆக ஒவ்வொன்றும் 400 முறை, நாலும் சேர்ந்து 1,600 முறை. வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. இரண்டாவது வேலை செய்யாதபோது ஒன்று, மூன்று, நான்கு, ஒரு சூனியம். நொடிக்கு ஆறேழு சூனியம். கச்சேரியில் தாளம் போடுகிறவர் தட்டிவிட்டு வீச்சில் கையைத் திருப்புவார். சத்தம் இருக்காது, ஆனால் அதுவும் ஒரு எண்ணிக்கை. அதை விட்டால் தாளமே விழுந்துவிடும். எஞ்சினில் அப்படி இல்லை. இங்கே சத்தம் வராத இடத்தை மற்ற மூவரும் சுமக்க வேண்டும். அந்தச் சுமைதான் ஸ்டியரிங்கில் கை வைத்தால் தெரிகிற நடுக்கம். பாய் சாலையில் நின்றபடியே காதில் வாங்கியது அந்த ஓட்டையைத்தான்.

அவர் ஸ்கேனரைத் தொடவில்லை. வைத்திருக்கிறார், மகன் வாங்கிக் கொடுத்தது, பெட்டி பிரிக்காமல் இல்லை, ஆனால் கடைசியில்தான் எடுப்பாராம். முதலில் சைலன்சருக்குப் பின்னால் போய்க் குந்தினார். புகையைக் கையால் அள்ளி மூக்கருகே கொண்டு வந்தார், கற்பூர ஆரத்தியை ஒற்றிக்கொள்வது போல. “பச்சை பெட்ரோல் வாடை இல்லை சார்.” பிறகு நாலு பிளக்கையும் கழற்றி, ஒரு பழைய நாளிதழில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பேனாவால் எழுதி, அந்தந்த எண்ணின் மேல் அதனதன் பிளக்கை வைத்தார். மூன்று வாரத்துக்கு முன் மாற்றிய பிளக்குகள். மூன்றின் நுனியில் லேசான பிஸ்கட் நிறம் ஏறியிருந்தது. இரண்டாவது மட்டும் டப்பாவிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல வெள்ளையாக, வறண்டு கிடந்தது.

“ஈரமா இருந்தா கரண்டு பாக்கணும். காய்ஞ்சிருந்தா பெட்ரோல் பாக்கணும். இது காய்ஞ்சிருக்கு.”

இவ்வளவுதான். இந்த வரிக்கு முன்னால் நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். பெட்ரோல் வந்து பொறி வராவிட்டால் பிளக் நனைந்திருக்கும். பொறி வந்து பெட்ரோல் வராவிட்டால் காய்ந்திருக்கும். மாற்றப்பட்ட காயிலும் மாற்றப்பட்ட பிளக்குகளும் ஒழுங்காகத்தான் பொறி விட்டுக்கொண்டிருந்தன, எரிய எதுவும் இல்லாத ஒரு அறைக்குள், நிமிடத்துக்கு 400 முறை.

பாயின் அடுத்த கருவி ஒரு நீள ஸ்குரு டிரைவர். அதன் நுனியை இன்ஜெக்டரின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக் கேட்டார். பிறகு என்னையும் கேட்கச் சொன்னார். முதலாவதில் டிக் டிக் டிக் என்று தையல் மிஷின் மாதிரி ஒரு தட்டல். மூன்றாவதிலும் அதே. இரண்டாவதில் வைத்தபோதும் எனக்கு டிக் கேட்டது, ஆனால் தூரத்தில், பக்கத்து வீட்டுச் சுவர்க்கடிகாரம் போல. கேட்கிறதே என்றேன். “அது மூணோட சத்தம் சார், இரும்பு வழியா வருது. இவன் பேசலை.”

இன்ஜெக்டர்தான் போய்விட்டது, 32,000 எஸ்டிமேட்டே சரி என்று எனக்குத் தோன்றியது. பாய் அதற்கும் மசியவில்லை. இரண்டாவதின் கனெக்டரைப் பிடுங்கி மீட்டர் வைத்தார். 12 வோல்ட்டும் சொச்சமும் காட்டியது. கரண்ட் வருகிறது. பட்டறைப் பையனிடம், “டேய், அந்த பல்பை எடு” என்றார். இரண்டு ஒயர் நீட்டிய சின்ன பல்பு. எஞ்சினை ஓடவிட்டு, மூன்றாவதின் கனெக்டரில் மாட்டினால் பளிச் பளிச்சென்று துடித்தது. இரண்டாவதில் மாட்டியபோது மினுக்கட்டாம்பூச்சி மாதிரிக்கூட இல்லை, ஒரு செம்மண் நிற மங்கல். “மீட்டரு வருதான்னு மட்டும்தான் கேக்கும் சார். பல்பு வேலை செய்வியான்னு கேக்கும்.”

ஒயரைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனார். மேனிஃபோல்டுக்குப் பின்னால், கை நுழைய முடியாத இடத்தில், ஒயர்களைச் சேர்த்து மூடியிருக்கும் கறுப்பு நெளிகுழாய் ஒரு விரல் நீளத்துக்குக் காணாமல் போயிருந்தது. அங்கே ஒரு குடித்தனம் நடந்திருக்கிறது. தேங்காய் நார், வண்டிக் கவரின் பஞ்சு, ஒரு பால் பாக்கெட்டின் மூலை, ஆயுதபூஜைப் பொரி. ஒரு ஒயரின் தோல் மட்டும் சீவப்பட்டு உள்ளே செம்பு தெரிந்தது. தெரிந்தது என்று சொல்லக்கூடாது. அதன் மேல் பச்சையாகப் பூத்திருந்தது. பாய் நகத்தால் தொட்டதும் தூளாக உதிர்ந்தது. இரண்டே இழைகள் மிச்சம்.

முழுதாக அறுந்திருந்தால் கணினியே கண்டுபிடித்து, இன்ஜெக்டர் சர்க்யூட் என்று வேறொரு எண்ணைக் காட்டியிருக்கும் என்றார் பாய். இரண்டு இழை பிடித்துக்கொண்டிருந்ததால்தான் இத்தனை குழப்பம். தொடர்பு இருக்கிறது என்று சொல்லுமளவுக்கு அதில் கரண்ட் போனது. இன்ஜெக்டரின் ஊசியைத் தூக்குமளவுக்குப் போகவில்லை. அறுந்த ஒயரை எவனும் கண்டுபிடிப்பான், அறுபடாத ஒயர்தான் ஆளைக் கொல்லும் என்பது அவர் கட்சி.

அந்தப் பச்சைக்குத் தமிழில் அழகான சொல் இருக்கிறது: களிம்பு. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு உடனே பொறி தட்டியிருக்கும். உயிரை ஆணவம் பற்றியிருப்பது செம்பில் களிம்பு பற்றியிருப்பது போல என்பது அங்கே அடிப்படை உவமை. எனக்கு அது நினைவுக்கு வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அடுத்த ரயில் நிலையம் மறைமலைநகர். வேதாசலம் என்ற தன் பெயரை மறைமலை என்று மொழிபெயர்த்துக்கொண்டு, 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகளின் பெயரில் அமைந்த நகர். அடிகள் பெரிய சைவ சித்தாந்தி, மறைமலைநகர் வழியாகப் போகிற அதே ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிற பல்லாவரத்தில் வாழ்ந்தவர். அவர் பெயர் தாங்கிய ஊரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற அத்தனை பட்டறைகளிலும் பேசப்படுவது பிளக், காயில், ஐடில், பிக்கப், ஜெர்க், மிஸ். ‘தீப்பற்றல் தவறுகை’ என்று ஒரு சொல்லை நானே மனதுக்குள் செய்து பார்த்தேன். பாயிடம் சொல்லத் துணிவு வரவில்லை. ஆனால் அந்தத் தூளைப் பார்த்து, பட்டறைப் பையன் தானாகவே, “களிம்பு ஏறியிருக்கு பாய்” என்றான். அடிகளுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

உவமையோடு ஒரு சின்னச் சண்டை மட்டும் எனக்கு உண்டு. செம்பு என்று உண்டோ அன்றே களிம்பும் உண்டு, அது வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல என்பார்கள் சித்தாந்திகள். பாய் சொல்வது வேறு. தோல் இருந்தவரை செம்பு செம்பாகவே இருந்தது. தோல் போனது, காற்று வந்தது, ஈரம் வந்தது, பூத்தது. இரண்டு கட்சியையும் ஒரே மேடையில் ஏற்றினால் கேட்க நன்றாக இருக்கும்.

எலிக்கு வருகிறேன். பிள்ளையார் வாகனம் என்கிற ஜோக்கை அதற்குள் தெருவில் நாலு பேர் சொல்லிவிட்டார்கள், நான் சொல்லப் போவதில்லை. எலி ஒயரைக் கடிப்பது பசியால் அல்ல. அதன் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துக் கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேய்க்காமல் விட்டால் பல் வளைந்து வளர்ந்து வாயை மூட முடியாமல் பட்டினியில் செத்துப்போகும். சும்மா இருக்க அதற்கும் வழியில்லை. நான் நிறுத்தி வைத்ததால் அதற்கு வீடு கிடைத்தது; அது நிறுத்த முடியாததால் என் வண்டி நின்றது.

வேலை முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கெட்ட பகுதியை வெட்டி, நல்ல செம்பு தெரியும்வரை தோலைச் சீவி, புது ஒயர் துண்டை வைத்து சால்டர் செய்து, ஸ்லீவ் போட்டு லைட்டரால் சுட்டுச் சுருக்கினார். பழைய பெட்ரோலை இறக்கி ஐந்து லிட்டர் புதிது ஊற்றினார். கூலி 900 ரூபாய். ஏ.சி. அறைக்காரர்கள் மாற்றிய நல்ல காயிலைப் பற்றிக் கேட்டேன். “அது பாட்டுக்கு இருக்கட்டும் சார், புதுசுதானே.”

சாவியைத் திருப்பினேன். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. முதலில் லேசாகத் தும்மியது, பிறகு சீராகிவிட்டது. பாய் பக்கத்தில் ஏறிக்கொண்டார். “ஒரு பத்து கிலோமீட்டர் தட்டிப் பாத்துடலாம்.”

ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டியிருந்ததால் ஜி.எஸ்.டி. சாலை பிடித்து வடக்கே திரும்பினோம். அந்தப் பக்கம் போனால் மறைமலைநகரில் ஃபோர்டு தொழிற்சாலையைக் கடக்காமல் முடியாது. என் வண்டி அங்கே பிறந்ததுதான், 2012இல். அதைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் கிடையாது. நடந்ததெல்லாம் எலிக்கும் எனக்கும் நடுவில். 1995இல் மகிந்திராவோடு கூட்டாகத் தொடங்கிய கம்பெனி. 1996இல் எஸ்கார்ட், 1999இல் ஐகான், 2010இல் ஃபிகோ, 2013இல் எக்கோஸ்போர்ட். ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் இந்தச் சாலையில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே சைக்கிள்கூட நுழைய முடிந்ததில்லை. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஈட்டுத்தொகை கேட்டுத் தொழிலாளர்கள் உள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். 2022 ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. குஜராத்தின் சானந்தில் இருந்த கார் தொழிற்சாலையை டாடா வாங்கிக்கொண்டது. மறைமலைநகர்த் தொழிற்சாலை விற்கப்படாமல் நின்றது.

நின்றது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், வண்டியைச் சொல்கிற மாதிரியே.

2024 செப்டம்பரில் திரும்ப வருகிறோம் என்று அரசுக்கு விருப்பக் கடிதம் கொடுத்தார்கள். 2025 அக்டோபர் கடைசி நாளில் ஒப்பந்தம் கையெழுத்தானது: 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின், உற்பத்தி 2029இல். கார் அல்ல, எஞ்சின் மட்டும். இந்தச் செய்தியைப் படித்தபோது நான் சந்தோஷப்பட்டேன். பட்டறையிலிருந்து கிளம்பிய அன்று அந்தத் தொழிற்சாலையின் கேட்டைப் பார்த்தபோது கணக்குப் போடத் தோன்றியது. 2022இலிருந்து 2029 என்றால் ஏழு வருடம். 14 மாதம் நின்ற ஒரு எஞ்சினுக்கே எலியும் களிம்பும் பிசினும். ஏழு வருடம் நிற்கிற தொழிற்சாலைக்குள் என்னென்ன நடக்கும்? இயந்திரங்களைச் சொல்லவில்லை, அவற்றை எண்ணெய் போட்டு மூடி வைக்கத் தெரிந்தவர்கள்தான் மூடியிருப்பார்கள், புதிதாகவும் கொண்டுவருவார்கள். நான் நினைப்பது வெளியே இருக்கிறவர்களை. காதில் கேட்டே ‘இது சரியில்லை’ என்று சொல்லத் தெரிந்த எத்தனை பேர் அந்த லைனில் நின்றிருப்பார்கள்? பாயின் பட்டறைப் பையனுடைய அப்பா அங்கே கேன்டீன் கான்ட்ராக்டில் இருந்தவர். இப்போது பரனூர் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். 2029இல் அவரை யாரும் கூப்பிடப் போவதில்லை. கூப்பிட்டாலும் போவாரா என்பது வேறு கேள்வி.

திரும்பத் தொடங்குகிற எதற்கும் நாம் உடனே புதுப் பாகங்களின் பட்டியலைத்தான் எழுதுகிறோம். எத்தனை கோடி, எத்தனை ஏக்கர், எத்தனை லட்சம் எஞ்சின். எது ஈரமாக இருக்கிறது, எது காய்ந்திருக்கிறது என்று யாராவது நாளிதழை விரித்து வரிசையாக வைத்துப் பார்த்திருப்பார்களா தெரியவில்லை. பாயிடம் இதைச் சொன்னேன். அவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். “நாலாவது கியர்ல போங்க சார். நாப்பதுல வச்சு மெதுவா அழுத்துங்க. மிஸ் இருந்தா அப்பதான் காட்டும்.” அழுத்தினேன். காட்டவில்லை.

திரும்பி வரும்போது ஊர்க் கோயில் பக்கமாக வண்டியை விடச் சொன்னாள் மனைவி, போனில். நரசிம்மர் இங்கே குகைக்குள் உட்கார்ந்திருப்பவர். பாறையைக் குடைந்து செய்த பல்லவர் காலத்துக் கருவறை. அவரை வலம் வர வேண்டுமானால் மலையையே சுற்ற வேண்டும். நெற்றியில் மூன்றாவது கண் உண்டு. அர்ச்சகர் நாமத்தை விலக்கி, தீபத்தை உயர்த்திக் காட்டினால்தான் தெரியும். எப்போதும் இருக்கிறது, எப்போதும் மூடியிருக்கிறது. மலையைச் சுற்ற என் கால் இன்னும் ஒப்பவில்லை. பாதி தூரம் போய், நூல் கட்டிய அழிஞ்சில் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். வாசலில் வாங்கிய நாலு எலுமிச்சம்பழமும் இந்த முறை நசுங்கின.

பாயை இறக்கிவிட்டபோது மூன்று விஷயம் சொன்னார். வாரத்துக்கு ஒரு நாளாவது அரை மணி நேரம் ஓட்டணும். சும்மா ஸ்டார்ட் பண்ணி நிறுத்தினா ஈரம்தான் சேரும், அது ஸ்டார்ட் பண்ணாததைவிட மோசம். எஞ்சினுக்குள்ள ஒரு கட்டு புகையிலையைத் துணியில முடிஞ்சு கட்டணும், சூடு படாத இடமா பார்த்து. ராத்திரி பானெட்டைத் திறந்து வைக்கணும். எலிக்கு இருட்டுதான் வீடு, வெளிச்சமும் காத்தும் பட்டா குடி வராது.

இரண்டு மாதமாக அப்படித்தான் செய்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள் பரனூர் தாண்டி கொளவாய் ஏரிக்கரை வரை. பிளேட் வைத்த கால் கிளட்சில் முதல் பத்து நிமிடம் முனகும், பிறகு பேசாது. இரவில் வண்டி போர்ட்டிகோவில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. புகையிலை நெடியில் என் மனைவி போர்ட்டிகோ பக்கம் வருவதே இல்லை. துணி காயப்போட வேறு இடம் பார்த்துக்கொண்டாள்.

தெருவில் புதிதாக வந்திருக்கிற வாட்ச்மேன் மட்டும் இன்னும் பழகவில்லை. பதினொரு மணி ரவுண்டில் கேட்டைத் தட்டுவார். “சார், பானெட் திறந்து கெடக்குது சார்.”

தெரியும் என்பேன், உள்ளிருந்தபடியே.